விபிஎன் போடலாமா? ஒரு பழைய பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவின் கைபேசியில், மேலே பேட்டரி அளவு காட்டும் வரிசையில், ஒரு குட்டிச் சாவிப் படம் இருப்பதைப் பார்த்தேன். "இது என்னப்பா?" என்று கேட்டதற்கு, "விபிஎன். பேங்க் பணத்தை யாரும் எடுக்க முடியாதாம்" என்றார். அவர் தினமும் பார்க்கிற கோயில் யாத்திரை யூடியூப் சேனலில், நாங்குநேரி தாண்டி ஓரிடத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, அந்தத் தம்பி ஒன்றரை நிமிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். அவர் விளம்பரம் செய்தது காசு கட்டிப் பயன்படுத்தும் சேவை. அப்பா காசு கட்டுவாரா? பிளே ஸ்டோரில் விபிஎன் என்று தேடி, முதலில் வந்த இலவசச் செயலியைப் போட்டுக்கொண்டார்.

நான் முகம் சுளித்ததும் அவர் கேட்டார்: "நீயே எழுதியிருந்தியேப்பா?"

எழுதியிருந்தேன். 2021 ஊரடங்கு சமயத்தில், இதே பக்கத்தில், வீட்டிலும் கைபேசியிலும் எல்லோரும் விபிஎன் வைத்துக்கொள்வது நல்லது என்று ஒரு குறிப்பு. இப்போது திரும்பப் படித்தால் கூச்சமாக இருக்கிறது. தகவல் பிழை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் யாருக்கு, எதிலிருந்து பாதுகாப்பு என்ற கேள்வியையே அதில் நான் கேட்கவில்லை. விளம்பரக்காரர்கள் கேட்காததும் அதே கேள்விதான். ஆகவே இந்தக் கட்டுரையில் மூன்று தரப்பைத் திட்டப் போகிறேன்: விளம்பரம், ஒப்பீட்டுத் தளங்கள், நான்.

முதலில் இந்தப் பொருள் என்ன செய்கிறது என்று சுருக்கமாக. நீங்கள் எழுதும் ஒவ்வொரு கடிதத்தையும் இன்னொரு உறைக்குள் போட்டு ஒட்டி, மதுரையில் இருக்கும் ஒருவருக்கு அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வெளி உறையைக் கிழித்துவிட்டு, உள்ளே இருப்பதை உரிய முகவரிக்குத் தன் ஊர்த் தபால் பெட்டியில் போடுகிறார். உங்கள் தெருத் தபால்காரருக்கு இப்போது, "இவர் எப்போ பாத்தாலும் மதுரைக்கே எழுதறாரே" என்பது மட்டும் தெரியும். கடிதத்தைப் பெறுபவருக்கு அது மதுரையிலிருந்து வந்ததாகத் தெரியும். அவ்ளோதான் விபிஎன். இதில் தபால்காரருக்கு முன்பு தெரிந்த அத்தனையும் இப்போது மதுரைக்காரருக்குத் தெரிகிறது. நம்பிக்கை இடம் மாறியிருக்கிறது. நம்ப வேண்டிய தேவை மறைந்துவிடவில்லை. தெருத் தபால்காரர் யார், எந்த அலுவலகத்தில் வேலை செய்கிறார், தப்பு செய்தால் யாரிடம் புகார் கொடுப்பது என்பதாவது நமக்குத் தெரியும். மதுரைக்காரரை விளம்பரத்தில் பார்த்ததோடு சரி.

இனி விளம்பரம். பொது வைஃபையில் உட்கார்ந்தால் பக்கத்து மேஜைக்காரன் உங்கள் வங்கிக் கடவுச்சொல்லைத் திருடிவிடுவான் என்பதுதான் இவர்களின் நிரந்தரக் கதை. இந்தக் கதை ஒரு காலத்தில் உண்மை. 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்பவர் ஃபயர்ஷீப் என்று ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கு ஒரு நீட்சி வெளியிட்டார். காபிக் கடையில் உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்தினால், அதே வைஃபையில் இருப்பவர்களின் ஃபேஸ்புக் கணக்குக்குள் நுழையலாம். திருட்டுக்கு உதவுவது அவர் நோக்கம் இல்லை. பெரிய தளங்கள் பூட்டே இல்லாமல் கடை நடத்துகின்றன என்று காட்டத்தான் செய்தார். அதற்குப் பிறகு நிலைமை வேகமாக மாறியது. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு எல்லோருக்கும் இலவசச் சான்றிதழ் தர ஆரம்பித்தது. 2018 ஜூலையில் குரோம் உலாவி எச்டிடிபிஎஸ் இல்லாத தளங்களைப் பாதுகாப்பற்றவை என்று முகவரிப் பட்டையிலேயே எழுதிக் காட்டியது. இன்று உங்கள் வங்கிச் செயலி வங்கியின் கணினியோடு பேசுவது ஏற்கெனவே குறியாக்கம் செய்யப்பட்ட பேச்சு. பக்கத்து மேஜைக்காரனுக்கு அதில் எழுத்து எதுவும் தெரியாது. விபிஎன்காரர்கள் பெருமையாகச் சொல்லும் "ராணுவத் தர" குறியாக்கம் பெரும்பாலும் ஏஇஎஸ் 256. உலாவியும் இதே ஏஇஎஸ் குடும்பத்தைத்தான் பயன்படுத்துகிறது. பூட்டிய பெட்டியை இன்னொரு பூட்டிய பெட்டிக்குள் வைப்பதற்கு ஆண்டுச் சந்தா கேட்கிறார்கள்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2019இல் நார்ட்விபிஎன் நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரத்தைத் தடை செய்தது. பொது வைஃபையின் ஆபத்தை அது மிகைப்படுத்துகிறது என்பதுதான் காரணம். யூடியூப் பக்கம் அப்படி எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2024 மே மாதம் லெவியாத்தன் செக்யூரிட்டி ஆய்வாளர்கள் டனல்விஷன் என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். வைஃபையில் இணையும்போது உங்கள் கருவிக்கு ஐபி முகவரி தருகிற டிஎச்சிபி என்ற ஏற்பாடு இருக்கிறதல்லவா, அதில் 121 என்ற எண் கொண்ட ஒரு விருப்பம், "இந்தப் பக்கம் போகிற தரவை இந்த வழியாக அனுப்பு" என்று கருவிக்குச் சொல்ல முடியும். அந்த வைஃபையை நடத்துபவன் கெட்டவனாக இருந்தால், விபிஎன் இணைந்திருப்பதாகத் திரையில் காட்டிக்கொண்டிருக்கும்போதே தரவை வெளியே திருப்பிவிடலாம். அந்த விருப்பத்தை ஆண்ட்ராய்டு கண்டுகொள்வதே இல்லை என்பதால் அது தப்பித்தது. மடிக்கணினிகள் மாட்டின. எந்த எதிரியைக் காட்டிப் பயமுறுத்தி விற்றார்களோ, அதே எதிரிக்கு எதிராகவே ஓட்டை.

சரி, அப்பாவின் பணம். அவர் குடியிருப்பில் கடந்த ஒன்றரை வருடத்தில் இரண்டு பேர் பணத்தை இழந்திருக்கிறார்கள். ஒருவர் வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வந்த ஏபிகே கோப்பைத் திறந்தார். இன்னொருவரிடம் ஒரு குரல், நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள் என்று சொல்லி ஒரு நாள் முழுக்க வீடியோ அழைப்பில் உட்காரவைத்தது. இரண்டிலும் பணம் போனது முறையான, குறியாக்கம் செய்யப்பட்ட, வங்கி அங்கீகரித்த பாதை வழியாக. சாவிப் படம் இருந்திருந்தால், திருட்டுக்கும் சேர்த்தே பாதுகாப்பான சுரங்கம் கிடைத்திருக்கும்.

இலவசச் செயலிக்கு வருகிறேன். ஆண்ட்ராய்டில் விபிஎன் செயலியை முதல்முறை இயக்கும்போது, இது உங்கள் இணையப் போக்குவரத்தைக் கண்காணிக்க முடியும் என்று கைபேசியே எச்சரித்து அனுமதி கேட்கும். கூகுள் தன் நடையில் எழுதிய எச்சரிக்கைகளிலேயே நேர்மையானது அது. யாரும் படிப்பதில்லை. 2016இல் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ, நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம், கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள் சேர்ந்து, பிளே ஸ்டோரில் இருந்த 283 விபிஎன் செயலிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். 18 சதவீதச் செயலிகள் தரவைக் குறியாக்கமே செய்யவில்லை. 75 சதவீதத்தில் மூன்றாம் தரப்புக் கண்காணிப்பு நிரல்கள் இருந்தன. 38 சதவீதத்தில் தீநிரலின் அடையாளம் தென்பட்டது. பழைய ஆய்வுதான், எண்கள் இன்று மாறியிருக்கும். ஆனால் இலவசச் சேவைக்கு யாரோ ஒருவர் சர்வர் வாடகை கட்டியாக வேண்டும் என்ற கணக்கு மாறவில்லை.

பாலுக்குப் பூனை காவல் என்பதற்கு இந்தத் துறையில் ஒரு சுத்தமான உதாரணம் ஒனாவோ. ஃபேஸ்புக் 2013இல் வாங்கிய இஸ்ரேலிய நிறுவனம் அது. ஒனாவோ புரொடெக்ட் என்ற இலவச விபிஎன், உங்கள் தரவைக் காக்கும் என்று சொல்லிக்கொண்டது. உள்ளே நடந்தது, மக்கள் எந்தெந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கெடுப்பு. வாட்ஸ்அப் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதை ஃபேஸ்புக் இந்தத் தரவில் பார்த்துக்கொண்டிருந்தது, 2018 இறுதியில் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு வெளியிட்ட ஆவணங்களில் வெளிவந்தது. ஆப்பிள் அதே ஆண்டு ஆகஸ்டில் செயலியைத் தன் கடையிலிருந்து வெளியேற்றியது. 2023 ஜூலையில் ஆஸ்திரேலிய நீதிமன்றம், மக்களைத் தவறாக வழிநடத்தியதற்காக மெட்டாவின் துணை நிறுவனங்களுக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

அப்போ காசு கட்டினால் சரியாகிவிடுமா? நான் 2021இல் அப்படித்தான் எழுதினேன். "நல்ல ஒப்பீட்டுத் தளங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்" என்று ஒரு வரி வேறு. அந்த வரிதான் இப்போது என்னை அதிகம் உறுத்துகிறது. ஏனென்றால் அதே ஆண்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். கேப் டெக்னாலஜீஸ் என்றொரு நிறுவனம். 2018 வரை அதன் பெயர் கிராஸ்ரைடர். உலாவி நீட்சிகளுக்கான தளம் நடத்தியது. அந்தத் தளம் விளம்பரங்களைத் திணிக்கும் நிரல்களுக்குப் பயன்பட்டதாகக் கெட்ட பெயர் எடுத்தது. பெயரையும் மாற்றிக்கொண்டது, விபிஎன் கம்பெனிகளையும் வாங்கியது. சைபர்கோஸ்ட், ஜென்மேட், பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் என்று வரிசையாக. 2021 செப்டம்பரில் எக்ஸ்பிரஸ்விபிஎன் நிறுவனத்தை 93.6 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அதற்குச் சில மாதங்கள் முன்னால் வாங்கியது என்ன தெரியுமா? விபிஎன்மென்டர் என்ற ஒப்பீட்டுத் தளத்தை நடத்தும் கம்பெனியை. ஓட்டுபவர்களையும் வாங்கி, பந்தயத்துக்கு மார்க் போடுபவரையும் வாங்கியாயிற்று.

உரிமையாளர் வேறாக இருக்கும் தளங்களும் பெரிதாகத் தப்பவில்லை. நீங்கள் அவர்களுடைய இணைப்பை அழுத்திச் சந்தா கட்டினால் அவர்களுக்கு ஒரு பங்கு வருகிறது. யாத்திரைத் தம்பி சொல்கிற தள்ளுபடிக் குறியீடும் அதே ஏற்பாடு. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. டீசல் போட வேண்டுமே. ஆனால் "எந்த விபிஎன் நல்லது?" என்று தேடினால் கிடைப்பதில் கணிசமானவை விலைப்பட்டியல் என்று தெரிந்துகொண்டு படிக்க வேண்டும். "விபிஎன் எனக்குத் தேவையா?" என்று தேடினாலும் அதே தளங்கள்தான் வரும். இல்லை என்ற பதிலுக்கு யாரும் கமிஷன் கொடுப்பதில்லை.

"நாங்கள் எந்தப் பதிவும் வைப்பதில்லை" என்ற வாக்குறுதி தனிச் சுவை. போலீஸ் வந்து கதவைத் தட்டும் வரை இதைச் சோதிக்க வழி கிடையாது. வெளி நிறுவனங்களை வைத்துத் தணிக்கை செய்கிறார்கள். அது அந்த நாளின் நிலைமையைச் சொல்லும். 2017இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு பெண்ணை இணையத்தில் விடாமல் துன்புறுத்தியவனை எஃப்பிஐ பிடித்தது. உதவியது, பதிவு வைப்பதில்லை என்று சொல்லிவந்த ப்யூர்விபிஎன் கொடுத்த பதிவுகள். அவன் பிடிபட்டது நல்லது, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் சொன்ன வாக்கு பொய் என்பதும் அதே வழக்கில்தான் தெரிந்தது. 2020 ஜூலையில் ஹாங்காங்கிலிருந்து இயங்கிய யூஎஃப்ஓ விபிஎன் உட்பட ஏழு இலவசச் செயலிகளின் தரவுத்தளம் பூட்டில்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது. அவையும் பதிவு வைப்பதில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தன. மறுபக்கம், 2023 ஏப்ரலில் சுவீடன் போலீஸ் கோத்தன்பர்க்கில் உள்ள முல்வாட் அலுவலகத்துக்குச் சோதனை ஆணையோடு போய், எடுக்க ஒன்றுமில்லாமல் வெறுங்கையோடு திரும்பியது. முல்வாடில் மின்னஞ்சல்கூட கேட்பதில்லை. ஒரு எண் தருவார்கள், உறையில் ரொக்கம் வைத்து அனுப்பினாலும் வாங்கிக்கொள்வார்கள். ஆக நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நல்லவர் யார் என்பது விபத்து நடந்த பிறகே தெரியவருகிற துறை இது.

இந்தியாவில் இதற்கு மேல் ஒரு சிக்கல். 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டது. இங்கே விபிஎன் சேவை தருபவர்கள் வாடிக்கையாளரின் சரிபார்க்கப்பட்ட பெயர், முகவரி, தொடர்பு எண், கொடுக்கப்பட்ட ஐபி முகவரிகள், எதற்காகச் சேவை வாங்குகிறார் என்பது வரை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அலுவலகங்கள் தம் ஊழியர்களுக்காக வைத்திருக்கும் விபிஎன்னுக்கு இது பொருந்தாது. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட், புரோட்டான் எல்லோரும் சில மாதங்களுக்குள் இந்தியாவில் இருந்த சர்வர்களை மூட்டை கட்டினார்கள். இப்போது பட்டியலில் இந்தியா என்று தெரிந்தாலும், சர்வர் சிங்கப்பூரிலோ பிரிட்டனிலோ இருக்கும். ஐபி முகவரி மட்டும் இந்தியாவுடையது. சைபர் குற்றங்களை விசாரிக்கத் தகவல் வேண்டும் என்ற அரசின் வாதத்தை நான் முழுக்க ஒதுக்கவில்லை. ஆனால் இந்த உத்தரவால் பதிவு வைக்க மாட்டோம் என்று வெளிப்படையாகச் சொன்னவர்கள் வெளியேறினார்கள். அப்பாவின் கைபேசியில் இருந்ததைப் போல, முகவரி என்று ஒரு ஜிமெயில் மட்டும் போட்டிருக்கும் செயலிகள் எந்த உத்தரவையும் படித்ததாகத் தெரியவில்லை.

இவ்வளவு திட்டிய பிறகு, விபிஎன்னுக்கு நியாயமும் செய்ய வேண்டும். எச்டிடிபிஎஸ் இருந்தாலும், நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது உங்கள் இணைய நிறுவனத்துக்குத் தெரியும். டிஎன்எஸ் கேள்வி மூலமாகத் தெரியும். அதை மறைத்தாலும், இணைப்பின் தொடக்கத்தில் எஸ்என்ஐ என்ற புலத்தில் தளத்தின் பெயர் பச்சையாகப் போகிறது. 2019இல் சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி ஆய்வாளர்கள், ஜியோ வலையமைப்பு இந்த எஸ்என்ஐயைப் பார்த்தே தளங்களை முடக்குகிறது என்று காட்டினார்கள். எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள் என்பது தெரியாது. தளத்தின் பெயர் போதாதா? ஒரு கருத்தரிப்பு மையம், ஒரு மதுமீட்பு இல்லம், ஒரு குடும்ப வழக்கறிஞர். பெயரே கதையைச் சொல்லிவிடும். 2021 டிசம்பரில் திருத்தப்பட்ட உரிம விதிப்படி இணைய இணைப்பு விவரங்களை நிறுவனங்கள் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இதை யாரும் பார்க்கக் கூடாது என்று நினைப்பவர் திருடன் இல்லை.

அரசே கதவை அடைக்கும் இடங்களில் விபிஎன்னின் மதிப்பு இன்னும் தெளிவாகத் தெரியும். காஷ்மீரில் 2020 ஜனவரியில் இணையம் 2ஜி வேகத்தில், அனுமதிக்கப்பட்ட தளங்களின் பட்டியலோடு திரும்பியபோது, மக்கள் வீட்டாரோடு பேச விபிஎன்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் அதற்கு எதிராக ஊபா சட்டத்தில் வழக்கும் பதிவானது. இலங்கையில் 2022 ஏப்ரல் 3 அன்று போராட்டத்தைத் தடுக்க ஃபேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப் எல்லாவற்றையும் முடக்கினார்கள். அன்றைக்கு அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே, விபிஎன் இருக்கும்போது இந்தத் தடை பயனற்றது, நானும் அதில்தான் இருக்கிறேன் என்ற பொருளில் ட்விட்டரில் எழுதினார். தடை அன்று பிற்பகலிலேயே நீக்கப்பட்டது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அந்த நாளில் விபிஎன் போட்டவர்களிடம் போய், மதுரைக்காரரை நம்பலாமா என்று நான் பாடம் எடுக்க மாட்டேன்.

ஆக, எதிரி யார் என்பதைப் பொறுத்தது. இதைச் சொல்லிவிட்டுக் கடந்துபோவது எளிது. ஆனால் நான் அந்தப் பழைய குறிப்பைத் திரும்பப் பெறுவதற்கு உண்மையான காரணம் இனிமேல்தான் வருகிறது. சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாத அளவுக்கு எழுதுகிறேன்.

அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுக் கல்லூரித் தோழி ஒருத்தி எனக்கு எழுதினாள். "வீட்டு வைஃபைல நான் என்ன பாக்கறேன்னு இவருக்குத் தெரியுமா?" கணவரைத்தான் சொன்னாள். திருமணத்திலிருந்து வெளியே வர வழி தேடிக்கொண்டிருந்தாள். வழக்கறிஞர், தனி வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளி மாற்றம் எல்லாம் கைபேசியில்தான் தேட வேண்டும். ரவுட்டரின் கடவுச்சொல் அவரிடம். நான் யோசிக்கவே இல்லை. "விபிஎன் போட்டுக்கோ, ரவுட்டர்ல ஒண்ணும் தெரியாது" என்று பதில் எழுதினேன். ஒரு வருடச் சந்தா கட்டினாள். நான் சொன்னது தொழில்நுட்பப்படி சரி. ரவுட்டரில் ஒன்றும் தெரியவில்லைதான்.

மூன்று மாதம் கழித்து, இரவுச் சாப்பாட்டின்போது அவர் வழக்கறிஞரின் அலுவலகப் பெயரைச் சொல்லிக் கேட்டாராம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. விபிஎன் ஓட்டை என்று அவள் நினைத்தாள், நானும் அப்படியே நினைத்தேன், வேறு விபிஎன் பரிந்துரைத்தேன்! காரணத்தை ஒரு வருடம் கழித்து அவளேதான் கண்டுபிடித்தாள். ஊரடங்கில் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய டேப்லட்டில் அவளுடைய கூகுள் கணக்கைப் போட்டுத் திறந்திருந்தார்கள். அவள் கைபேசியில் தேடியதெல்லாம் கூடத்தில் கிடந்த அந்த டேப்லட்டின் தேடல் வரலாற்றில் வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. எந்த நாட்டு சர்வர் வழியாகப் போனால் என்ன? தன் கணக்கில் நுழைந்து தேடுபவர் யார் என்று கூகுளுக்குத் தெரியும், அந்தக் கணக்கு திறந்திருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் தெரியும்.

அவள் கேட்டபோது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் மிகச் சாதாரணமானவை. உன் கணக்கு வேறு எந்தெந்தக் கருவியில் திறந்திருக்கிறது? கைபேசியின் பூட்டு எண் அவருக்குத் தெரியுமா? கட்டண ரசீது எந்த மின்னஞ்சலுக்கு வருகிறது? திரையில் அந்தச் சாவிப் படத்தைப் பார்த்தால் அவர் என்ன நினைப்பார்? இந்த நான்கையும் கேட்டிருந்தால், பத்து நிமிட வேலையில், பைசா செலவில்லாமல் முடிந்திருக்கும்.

இப்போது நான் என்ன முடிவெடுத்தேன் என்று கேட்பவர்களுக்கு. வீட்டில் விபிஎன் இல்லை. ரவுட்டரில் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். ரவுட்டரின் சின்ன மூளை மூச்சு வாங்கியது, வேகம் பாதிக்கும் கீழே போனது, தொலைக்காட்சியில் படம் சுற்றிக்கொண்டே இருந்தது, ஒரு வங்கியின் தளம் வெளிநாட்டு ஐபி என்று உள்ளேயே விடவில்லை. என் இணைய நிறுவனத்துக்கு நான் போகும் தளங்கள் தெரிவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதற்கு மாற்றாக எந்நேரமும் இன்னொரு கம்பெனியிடம் எல்லாவற்றையும் ஒப்படைப்பது அதைவிடப் பிடிக்கவில்லை. டிஎன்எஸ்ஸை மட்டும் குறியாக்கத்துக்கு மாற்றினேன். ஆண்ட்ராய்டு 9 முதல் அமைப்புகளில் பிரைவேட் டிஎன்எஸ் என்று ஒரு வரி இருக்கிறது, அதுவே போதும். எஸ்என்ஐ ஓட்டை அப்படியே இருக்கிறது என்பதும் தெரிந்தே.

கைபேசியில் காசு கட்டிய ஒன்று இருக்கிறது. எப்போதும் அணைத்தே வைத்திருக்கிறேன். லாட்ஜ் வைஃபையில் வேலை செய்யும்போது, தவறுதலாக முடக்கப்பட்ட ஒரு ஆய்விதழ்த் தளத்தைப் படிக்கும்போது, மாதத்தில் நாலைந்து முறை இயக்குவேன். எப்போதும் ஓடவிடுவது வீண் என்பதற்குக் கைபேசியில் காரணம் அதிகம். வைஃபையிலிருந்து 4ஜிக்கும் திரும்ப வைஃபைக்கும் தாவும்போதெல்லாம் சுரங்கம் அறுந்து ஒட்டுகிறது. விபிஎன் இல்லாமல் எதையும் அனுப்பாதே என்று பொத்தானைப் போட்டாலும், இணைப்பு இருக்கிறதா என்று சோதிக்கும் தகவலை ஆண்ட்ராய்டு வெளியே அனுப்புவதை 2022 அக்டோபரில் முல்வாட் கண்டுபிடித்தது. ஐஃபோனில், விபிஎன் இணைவதற்கு முன்பே திறந்திருந்த இணைப்புகள் மூடப்படாமல் வெளியே ஓடுவதை 2020இல் புரோட்டான் எழுதியது. இதெல்லாம் போக, செயலிகளுக்கு உங்கள் ஐபி முகவரி தேவையே இல்லை. இருப்பிட அனுமதி கொடுத்திருக்கிறீர்கள், தொடர்பு எண்களைக் கொடுத்திருக்கிறீர்கள், கைபேசிக்கு ஒரு விளம்பர அடையாள எண் இருக்கிறது. சிம் கார்டு ஆதார் கொடுத்து வாங்கியது. எந்தக் கோபுரத்தின் கீழே நிற்கிறீர்கள் என்று தொலைபேசி நிறுவனத்துக்கு விபிஎன் இருந்தாலும் தெரியும்.

வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்கவோ, வீட்டு வன்தட்டில் உள்ள கோப்பை எடுக்கவோ வேண்டுமென்றால் கதை வேறு. அதற்கு உங்கள் வீட்டிலேயே வயர்கார்ட் நிறுவிக்கொள்ளலாம். ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதியது, 2020 மார்ச்சில் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது, மொத்த நிரலும் சில ஆயிரம் வரிகள்தான். இதில் மதுரைக்காரரும் நீங்களே. பல வீட்டு இணைப்புகளில் பொது ஐபி தராமல் பலரை ஒரே முகவரியில் அடைத்து வைத்திருப்பதால் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருக்கும். அதைத் தனியாக எழுதுகிறேன்.

"எல்லோரும் போட்டால்தான் நிஜமாகத் தேவைப்படுபவர்கள் கூட்டத்தில் தனியாகத் தெரியமாட்டார்கள்" என்று ஒரு நண்பர் இந்த வரைவைப் படித்துவிட்டு வாதாடினார். நல்ல வாதம். டார் வலையமைப்பு நிற்பதே அந்த அடிப்படையில்தான். ஆனால் அப்பா போட்டிருந்த செயலியைப் போன்றவற்றால் கூட்டம் பெருகினால், யாருக்குத் துணை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்பாவின் கைபேசியிலிருந்து செயலியை நீக்கிவிட்டேன். முகம் தெரியாத இடத்திலிருந்து வரும் ஏபிகே கோப்புகள் நிறுவப்படாதபடி அனுமதிகளை ஒவ்வொன்றாக அணைத்தேன். வாட்ஸ்அப்புக்கு அந்த அனுமதி திறந்தே கிடந்தது. அவருக்குத் திருப்தி இல்லை. "சாவி இருந்தா ஒரு தைரியமா இருக்குப்பா" என்றார்.

2021 குறிப்பை அழிக்கவில்லை. அதன் தலையில் இப்படி ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: விபிஎன் வாங்குவதற்கு முன்னால், உங்கள் கூகுள் கணக்கு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்று இப்போதே பாருங்கள்.